இழுவை குறையும் இடம்

நானுஓயா ஸ்டேஷனில் கோச்சிக்குக் காத்து நின்றவர்களுக்கு அந்த அதிர்வு பழக்கமானது. ரதல்ல பக்கத்திலிருந்து ஏறி வரும் எஞ்சின் வளைவு தாண்டிக் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் முழக்கம் தேயிலைச் சரிவுகளில் பட்டுத் திரும்பி வந்துவிடும். 1885இல் இந்த ஊருக்கு ரயில் பாதை வந்தது. 44 அடி முன்னே போனால் ஓரடி மேலே ஏற வேண்டும்; மலைநாட்டுப் பாதையின் கடும் ஏற்றம் அதுதான். கேட்பதற்குச் சின்ன ஏற்றம். பல நூறு தொன் எடையைக் கட்டி இழுக்கும்போதுதான் அதன் கடுமை தெரியும்.

இந்தப் பாதையில் பல பத்தாண்டுகள் உழைத்த டீசல் எஞ்சின்களில் இரண்டு வகையை மலைநாட்டவர் பலரும் அறிவார்கள். ஒன்று எம்2. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா 1954இல் கொடுத்தது. ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று கனடிய மாகாணங்களின் பெயரோடு வந்தவை. மற்றது எம்6. 1979இல் ஜெர்மனியின் ஹென்ஷல் தொழிற்சாலை கட்டியது. இரண்டின் வயிற்றிலும் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸின் இஎம்டி டீசல் எஞ்சின். அந்த இஎம்டி எஞ்சின்களில், எரிபொருள் பில்டருக்குப் பக்கத்தில், இரண்டு சிறு கண்ணாடிக் கிண்ணங்கள் உண்டு. ஒன்றில் டீசல் நிறைந்து, தெளிந்து, ஒரு குமிழிகூட இல்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மற்றது காலியாக இருக்க வேண்டும். முதல் கிண்ணத்தில் குமிழி தெரிந்தால் டாங்கியிலிருந்து வரும் குழாயில் எங்கேயோ காற்று நுழைகிறது. இரண்டாவது கிண்ணத்தில் டீசல் தெரிந்தால் பில்டர் அடைத்துவிட்டது, டீசல் வேறு வழி தேடிப் போகிறது. எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு பார்வை போதும்.

அந்த எஞ்சினில் டீசலை டாங்கியிலிருந்து எடுத்து இன்ஜெக்டர்கள்வரை கொண்டுபோவதற்கென்று தனி மின் மோட்டார் பம்ப் இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதை ஓடவிட்டு, கிண்ணம் தெளிந்த பிறகுதான் அடுத்த வேலை. எரிவதைவிட அதிகமான டீசலை அது அனுப்புகிறது. எரியாதது இன்ஜெக்டர்களைக் குளிரவைத்துவிட்டு டாங்கிக்கே திரும்பிவிடும்.

நம் வீதிகளில் ஓடும் வேனிலும் ஜீப்பிலும் இதே வேலையைச் செய்ய வேண்டிய உறுப்புக்கு ஃபீட் பம்ப் என்று பெயர். லிஃப்ட் பம்ப் என்றும் சொல்வார்கள். அங்கே கண்ணாடிக் கிண்ணம் இல்லை. பல வாகனங்களில் அந்தப் பம்பே இல்லை. எஞ்சினை டியூன் செய்து பலம் கூட்டியவர்கள் மலையில் முதலில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

டீசல் எஞ்சினில் டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் பம்ப் வேறு, டாங்கியிலிருந்து அதன் வாசல்வரை கொண்டுவரும் பம்ப் வேறு. முதலாவதுதான் இன்ஜெக்டர் பம்ப். நூற்றுக்கணக்கான பார், புது வாகனங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பார் அழுத்தத்தில் வேலை செய்கிற, மயிரிழைத் துல்லியத்தில் கடைந்த, விலை உயர்ந்த பொருள். இரண்டாவது எளிமையான ஒன்று. ஒரு பாருக்கும் குறைவான அழுத்தத்தில் டீசலைத் தள்ளிக் கொடுத்தால் பெரும்பாலும் அதன் கடமை முடிந்தது. பழைய லேண்ட் ரோவர் 300 டிடிஐ எஞ்சினில் இது எஞ்சின் உடம்பின் பக்கத்தில், உள்ளே ரப்பர் தோலோடு, எஞ்சினின் கேம் தண்டு தட்டத் தட்ட மூச்சு விடுவதுபோல வேலை செய்கிறது. கையால் அடிக்க ஒரு சிறு நெம்புகோலும் உண்டு. 'டொல்பின்' என்று நாம் கூப்பிடும் பழைய ஹைஏஸில் தனி ஃபீட் பம்ப் கிடையாது. பில்டர் தலையில் ஒரு கை பம்ப் இருக்கும், அது எயார் எடுப்பதற்கு மட்டும். ஓடும்போது இன்ஜெக்டர் பம்புக்கு உள்ளேயே இருக்கிற ஒரு சிறு சுழல் பம்ப்தான் டாங்கியிலிருந்து முழுத் தூரமும் டீசலை இழுக்கிறது. கேடிஎச் வேனின் கொமன் ரெயில் எஞ்சினிலும் டென்சோ பம்ப் தன் உள்பம்பால் இழுத்துத்தான் குடிக்கிறது.

இழுத்துக் குடிக்கிறது என்று எழுதினேன். இயற்பியலில் இழுப்பு என்று ஒன்று இல்லை. இளநீரில் குழாய் வைத்து உறிஞ்சும்போது நாம் செய்வது வாய்க்குள் அழுத்தத்தைக் குறைப்பது மட்டுமே. இளநீரை மேலே ஏற்றுவது வெளிக்காற்று. அதுதான் இளநீரின் முகத்தை அழுத்தி, குழாய் வழியே மேலே தள்ளுகிறது. டீசலும் அப்படியே. டாங்கிக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் எவ்வளவோ அவ்வளவுதான் தள்ளுவதற்கு இருக்கும் மொத்தப் பலம். பம்ப் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும், உறிஞ்சுகிற பக்கத்தில் அதற்குமேல் ஒரு மில்லிபார் கூடக் கிடைக்காது.

கடல் மட்டத்தில் அந்தப் பலம் 1013 மில்லிபார். நானுஓயா கடல் மட்டத்திலிருந்து 1600 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் 835 மில்லிபார் அளவுதான். கொழும்பில் இருந்ததில் ஏறத்தாழ 180 மில்லிபாரைக் கீழேயே விட்டுவிட்டுத்தான் வண்டி மேலே வருகிறது.

மீதி இருப்பதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்கலாம். இன்ஜெக்டர் பம்ப் டாங்கியின் டீசல் மட்டத்தைவிட அரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். டீசலை அந்த உயரம் ஏற்ற 40 மில்லிபார் போகும். ஏற்றத்தில் வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கி நிற்கும். பத்துக்கு ஒன்று என்ற சரிவில், மூன்று மீற்றர் பின்னால் இருக்கும் டாங்கியிலிருந்து இன்னும் 30 சென்ரிமீற்றர் ஏற்ற வேண்டும், 25 மில்லிபார். ஏற்றத்தில் வண்டி அடங்கிப்போவதற்குச் சரிவையே குற்றம் சொல்லிப் பழகிவிட்டோம். கணக்குப் பார்த்தால் சரிவின் பங்கு இவ்வளவு சின்னது. டாங்கியில் டீசல் குறைவாக இருந்து, ஏற்றத்தில் அது பின்பக்கம் ஒதுங்கி, உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரிந்துவிட்டால் அது வேறு கதை. அப்போது பம்ப் குடிப்பது டீசலை அல்ல, காற்றை.

பெரிய பங்கை விழுங்குவது குழாய். டீசல் தண்ணீரைப்போல ஓடாது, கொஞ்சம் பிசுபிசுத்தது. நுவரெலியா, நானுஓயாக் குளிரில் இன்னும் தடிக்கும். சில நாட்களில் உறைபனி விழுகிற தை, மாசி விடியற்காலைகளில் வண்டி ஸ்டார்ட் ஆகி முதல் ஏற்றத்தில் மூச்சுத் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். 6 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள, நான்கு மீற்றர் நீளக் குழாயில் மணிக்கு 100 லீற்றர் டீசல் ஓட வேண்டும் என்றால் குளிர்ந்த டீசலுக்கு 150 மில்லிபார் அளவு தடை வரும். அதே குழாயை 8 மில்லிமீற்றராக மாற்றினால் தடை 50 மில்லிபாருக்குக் கீழே விழுந்துவிடும். விட்டத்தில் கூடியது இரண்டே மில்லிமீற்றர். தடை மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. நிதானமாக ஓடும் திரவத்தில் தடை விட்டத்தின் நான்காம் படிக்கு எதிராக மாறும் என்பது 19ஆம் நூற்றாண்டில் கண்ட விதி. அதைக் கண்டவர்களில் ஒருவரான பிரெஞ்சுக்காரர் புவாசேய் ஒரு மருத்துவர். மெல்லிய குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று தேடிப் போனவர். அவரது விதி இன்று நம் வேனின் வயிற்றுக்குக் கீழே சேறு படிந்து கிடக்கும் குழாய்க்கும் பொருந்துகிறது.

ஆக, 835இல் 40ஐயும் 25ஐயும் 150ஐயும் கழித்தால் 620. இதுவும் பில்டருக்கு முன்னால். பில்டர் புதிதாக இருந்தால் கொஞ்சம்தான் எடுக்கும். அடைத்த பில்டர் இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விட அதிகமாக எடுத்துவிடும். அதே வண்டி, அதே குழாய், கொழும்புச் சமதரையில் 820க்கு மேல் வைத்துக்கொண்டு ஓடியது. கீழே நன்றாக ஓடிய வண்டி மேலே வந்து ஏன் மக்கர் செய்கிறது என்ற கேள்விக்கு விடையின் பாதி இந்த இருநூறு மில்லிபாரில் இருக்கிறது.

மற்றப் பாதி டீசலுக்குள் ஒளிந்திருக்கும் காற்று. சோடாப் போத்தலைத் திறந்ததும் குமிழி கிளம்புவதைப் பார்த்திருக்கிறோம். மூடி இருந்தபோது அந்த வாயு திரவத்தில் கரைந்து கிடந்தது, அழுத்தம் விலகியதும் வெளியே வந்துவிட்டது. டீசலிலும் காற்று கரைகிறது. தன் கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு அளவு காற்றைச் சத்தமில்லாமல் உள்ளே வைத்திருக்கும். கொழும்பிலோ அவிசாவளையிலோ டாங்கியை நிரப்பிக்கொண்டு ஏ7 வீதியில் கித்துல்கல, கினிகத்தேனை, அட்டன், தலவாக்கலை என்று ஏறி வருகிறவர், கீழ்நாட்டு அழுத்தத்தில் கரைந்த காற்றையும் சேர்த்தே மேலே கொண்டு வருகிறார். வழியில் குலுங்கியதில் கொஞ்சம் போயிருக்கும். மீதி குழாய்க்குள் அழுத்தம் விழுந்ததும் குமிழியாகக் கிளம்பும். வளிமண்டல அழுத்தத்தில் பாதிக்கு அது இறங்கினால், கரைந்ததில் பாதி வெளிவரும் பட்சத்தில், ஒரு லீற்றர் டீசலுக்கு 100 மில்லிலீற்றர் அளவு குமிழி. இன்ஜெக்டர் பம்புக்கு டீசலை அளந்து அழுத்தத்தான் தெரியும். திரவம் அமுங்காது என்ற நம்பிக்கையில் கட்டிய பொருள் அது. குமிழி கலந்தால் அமுங்கும். அளவு தவறும், பீய்ச்சும் நேரம் தவறும், உள்ளே பளபளவென்றிருக்கும் உலோகத்தைக் குமிழிகள் உடைந்து உடைந்து அரித்துவிடும்.

இனி டியூன் செய்வதற்கு வருவோம். நுவரெலியாவில் பலத்தைக் கூட்டி மலை ஏறும் ஆசை புதிதல்ல. மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் 1934இல் தொடங்கியது. இன்று பந்தயத்துக்குப் போகாதவரும், ஹோர்டன் சமவெளிக்கு ஆட்களை ஏற்றும் ஜீப்காரரும், மரக்கறி மூட்டையோடு ஏறும் வேன்காரரும் கூடுதல் பலம் கேட்கிறார்கள். டீசல் எஞ்சினில் பலம் கூட்டுவது என்றால் கூடுதல் டீசல், அதை எரிக்கக் கூடுதல் காற்று. 300 டிடிஐ போன்ற எஞ்சினில் இன்ஜெக்டர் பம்பின் தலையிலுள்ள தோலையும் திருகையும் மாற்றிவைத்து டர்போ அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றுவார்கள். கொமன் ரெயில் வண்டியில் கொம்பியூட்டர் கணக்கை மாற்றுவார்கள்.

எவ்வளவு டீசல் கூடுகிறது? 300 டிடிஐ தொழிற்சாலையிலிருந்து வந்தபோது 111 குதிரைவலு. முழுப் பலத்தில் அது எரிப்பது மணிக்கு 25 லீற்றர் அளவு. டியூன் செய்து 150 குதிரைவலுவுக்குக் கொண்டுபோனால் 33 லீற்றர் அளவு. கூடியது மணிக்கு எட்டு லீற்றர். நிமிடத்துக்கு ஒரு தேநீர்க் கோப்பை அளவுதான். இந்தச் சின்ன எண்ணைப் பலரும் கவனிப்பதில்லை. கடையில் மணிக்குப் பல நூறு லீற்றர் என்று பெட்டியில் எழுதிய பம்பை வாங்கிப் பூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எஞ்சின் கேட்பது லீற்றரை அல்ல. முழுச்சுமையில், ஏற்றத்தில், அக்சலரேட்டரை அழுத்தி மிதிக்கும் அந்த நேரத்தில் இன்ஜெக்டர் பம்பின் வாசலில் அழுத்தம் விழாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான் கேட்கிறது. திரும்பிப் போகும் டீசலையும் சேர்த்துத் தேவைக்கு இரண்டு மூன்று மடங்கு ஓட்டம் இருந்தால் தாராளம்.

ஃபீட் பம்பைத் தொடுவதற்கு முன் புகையைப் பார்க்க வேண்டும். "ஏத்தத்துல இழுக்க மாட்டேங்குது அண்ணே" என்று கராஜில் வந்து நிற்கும் வண்டிகள் இரண்டு வகை. ஒன்று கறுப்புப் புகை கக்கும், இழுக்காது. அதற்கு டீசல் குறைவில்லை, காற்றுத்தான் குறைவு. நானுஓயாக் காற்றில் உயிர்வாயுவும் ஆறில் ஒரு பங்கு அளவு குறைந்துதான் இருக்கிறது. டர்போ இல்லாத டொல்பினில் திருகைத் திருப்பி டீசலைக் கூட்டினால் கிடைப்பது புகை மட்டும். 2008 முதல் நடக்கும் வாகனப் புகைப் பரிசோதனையிலும் அது தோற்கும், பின்னால் நடந்து வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் நெஞ்சிலும் படியும். மற்ற வகை வண்டி புகையே இல்லாமல் சோர்ந்துபோகும். காலை எடுத்துச் சிறிது நேரம் விட்டால் தேறும், மிதித்தால் மறுபடி சோரும். அதற்குத்தான் டீசல் போய்ச் சேரவில்லை. கொமன் ரெயில் வண்டியாக இருந்தால் ரெயிலில் அழுத்தம் குறைந்தது என்று பி0087 என்ற குறியீட்டோடு விளக்கும் எரியும். ஃபீட் பம்ப் இந்த இரண்டாவது வகைக்கு மட்டுமே மருந்து.

இரண்டாவது வகை வண்டிக்கும் உடனே பம்ப் வாங்க வேண்டாம். இன்ஜெக்டர் பம்பின் வாசலில் ஒரு அடி நீளத்துக்குத் தெளிவான டியூப்பைப் பூட்டிப் பாருங்கள். எம்6 எஞ்சினின் கண்ணாடிக் கிண்ணம் அந்த ஒரு அடியில் உங்களுக்குக் கிடைத்துவிடும். ஓடவிட்டு எஞ்சினை உயர்த்தும்போது குமிழி ஓடினால் விடை கையில் இருக்கிறது. அடுத்து, வண்டியை கராஜில் நிறுத்திவைத்தே, சுத்தமான டீசல் கேன் ஒன்றை எஞ்சினைவிட உயரத்தில் வைத்து அதிலிருந்து நேரே குடிக்கவிடுங்கள். குமிழி மறைந்து எஞ்சின் தெளிவாக ஏறினால், குற்றம் பின்னால் டாங்கிக்கும் குழாய்க்கும் பில்டருக்கும் நடுவே. டாங்கியின் மூடியில் காற்று உள்ளே வரும் துளை அடைத்திருந்தாலும் இதே நோய்தான். டீசல் குறையக் குறைய டாங்கிக்குள் வெற்றிடம் உண்டாகி, தள்ள வேண்டிய காற்றே இல்லாமல் போகும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று காற்று உள்ளே போகிற சத்தம் கேட்டால் அதுதான் காரணம். பம்புக்கு வைத்திருந்த காசு மிச்சம்.

உறிஞ்சும் குழாயில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே சொட்டாது. இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். உள்ளே அழுத்தம் வெளியைவிடக் குறைவு. ஆகவே வெளிக்காற்றுத்தான் உள்ளே நுழையும். குழாய் காய்ந்து சுத்தமாக இருக்கும், தரையில் ஒரு துளி இருக்காது. எங்கே லீக் என்று மணிக்கணக்கில் தேடுவார்கள். வெடித்த ரப்பர் குழாயும் இறுகாத செப்பு வொஷரும் இப்படித்தான் ஒளிந்துகொள்ளும். டாங்கிக்குப் பக்கத்தில் ஒரு மின் ஃபீட் பம்பைப் பூட்டினால் நிலைமை தலைகீழாகும். பம்ப் முதல் எஞ்சின்வரை முழுக் குழாயும் தள்ளும் பக்கமாகிவிடும். ஓட்டை இருந்தால் டீசல் வெளியே கசிந்து தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும், காற்று உள்ளே போகாது. கரைந்த காற்றும் கரைந்தபடியே இருக்கும். வெளிக்காற்றின் 835 மில்லிபாரை மட்டும் நம்பியிருந்த இடத்தில் நாமே கூட்டிக்கொடுத்த அழுத்தம் வந்து சேர்கிறது.

இதனால்தான் பம்பை வைக்கும் இடம் பம்பின் விலையைவிட முக்கியம். எஞ்சின் பக்கத்தில் கைக்கு எட்டுகிறது என்று அங்கே பூட்டுவது வீண் வேலை. உறிஞ்சும் தூரம் அப்படியே இருக்கிறது. டாங்கிக்குப் பக்கத்தில், டீசல் மட்டத்துக்குக் கீழே அல்லது அதற்குச் சமமாக, கல் அடிபடாத இடத்தில் வைக்க வேண்டும். பம்புக்கு முன்னால் பெரிய துளையுள்ள வடிகட்டி ஒன்று, நுண்ணிய பில்டர் பம்புக்குப் பின்னால். நுண்ணிய பில்டரை முன்னால் வைத்தால் மறுபடியும் உறிஞ்சும் பக்கத்தில் தடையைக் கூட்டியதாகிவிடும்.

ஃபீட் பம்பின் அருமையை உலகத்துக்கு விலை கொடுத்துப் படிப்பித்தது ஒரு அமெரிக்க வண்டி. 1998 முதல் 2002 வரை வந்த டொட்ஜ் ராம் பிக்கப்பில், 5.9 லீற்றர் கமின்ஸ் எஞ்சினோடு பொஷ் விபி44 என்ற இன்ஜெக்டர் பம்ப் இருந்தது. அதற்கு எண்ணெயும் குளிர்ச்சியும் அதனுள் ஓடும் டீசல்தான். டீசலை அனுப்ப எஞ்சின் பக்கத்தில் பூட்டியிருந்த சிறு மின் ஃபீட் பம்ப் சத்தமில்லாமல் பலவீனமாகும். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. விபி44 மட்டும் உள்ளே காய்ந்து சூடேறிச் சாகும். டியூன் செய்த வண்டிகளில் இன்னும் சீக்கிரம். மலிவான பம்ப் ஒன்று அழிய, அதைப்போலப் பல மடங்கு விலையுள்ள பம்பும் கூடவே போனது. அந்த வண்டிக்காரர்கள் ஓட்டுகிறவர் கண்ணுக்கு முன்னால் டீசல் அழுத்த மீற்றர் ஒன்றைப் பூட்டப் பழகியது அதன் பிறகுதான்.

கூடுதல் அழுத்தம் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. கராஜ்களில் பெட்ரோல் இன்ஜெக்ஷன் காருக்கு உரிய பம்பை டீசல் வண்டியில் பூட்டுவதைக் காணலாம். அது மூன்று பாருக்கும் மேலே தள்ளக்கூடியது. டொல்பினிலும் 300 டிடிஐயிலும் இருக்கும் விஇ வகைப் பம்பில், உள்ளே இருக்கும் அழுத்தத்தை வைத்தே பீய்ச்சும் நேரம் முன்பின் நகர்கிறது. வாசலில் கண்டபடி தள்ளினால் அந்தக் கணக்குக் கலையும். எஞ்சின் தட்டும், சூடேறும். பம்பின் தண்டைச் சுற்றியுள்ள சீலும் பிதுங்கும். டீசல் டைமிங் பெல்ட் அறைக்குள் கசிந்தால் பெல்ட் கெடும். பற்சக்கர எஞ்சினாக இருந்தால் எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கும்போது மட்டம் ஏறியிருந்து டீசல் வாசம் அடித்தால் ஒரு கிலோமீற்றர்கூட ஓட்ட வேண்டாம். ரப்பர் தோல் கிழிந்த பழைய இயந்திர ஃபீட் பம்பும் இதே வேலையைச் செய்யும். விஇ பம்புக்கு அரை பாருக்கு அருகில் தள்ளினால் போதும் என்பது என் எண்ணம். கேடிஎச் போன்ற, உறிஞ்சுவதற்கென்றே வடிவமைத்த கொமன் ரெயில் பம்புக்கு மெல்லிய தள்ளலுக்கு மேல் கொடுப்பதற்கு முன் தயாரிப்பாளர் சொல்லும் எல்லையைப் பார்க்க வேண்டும்.

வயரைப் பற்றி இரண்டு வார்த்தை. மெல்லிய வயரில் பின்பக்கம்வரை மின்சாரம் போய்ச் சேர்வதற்குள் வோல்ட் விழும். பம்ப் பலவீனமாகச் சுற்றும். நல்ல பம்பைக் குறை சொல்வோம். தடித்த வயர், ரிலே, ஃபியூஸ் மூன்றும் வேண்டும். எஞ்சின் ஒயில் அழுத்தம் போனாலோ வண்டி மோதினாலோ பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றும் கட்டாயம் வேண்டும். சாவி போட்டதும் நேரே ஓடும்படி கட்டிய பம்ப், வண்டி கவிழ்ந்து எஞ்சின் நின்ற பிறகும் உடைந்த குழாய் வழியே டீசலைக் கொட்டிக்கொண்டே இருக்கும்.

எந்தப் பம்ப் பூட்டினாலும் அது தள்ளுவது டாங்கியில் இருப்பதைத்தான். மழையும் பனிமூட்டமும் ஓயாத ஊர் இது. பாதி காலியான டாங்கிக்குள் இரவில் ஈரக் காற்றுப் படிந்து தண்ணீராகிறது. 2022இல் வரிசையில் நின்று வாங்கிய டீசலைக் கேன்களிலும் பீப்பாய்களிலும் வைத்து ஊற்றியவர்களின் டாங்கி அடியில் என்ன படிந்திருக்கிறது என்பது கழற்றிப் பார்த்தால்தான் தெரியும். பலமான பம்ப் அந்தக் கசடை இன்னும் வேகமாக அள்ளிக்கொண்டு வரும். டாங்கியை இறக்கிக் கழுவாமல் புதுப் பம்ப் பூட்டினால் முதல் மாதத்திலேயே பில்டர் அடைக்கும். தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தின் அடித்திருகை வாரம் ஒருமுறை திறந்து வடிப்பது காசில்லாத வேலை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினைப்போலக் காற்றை அடைக்கும் கதவு கிடையாது என்பதால் இறக்கத்தில் அது தானாகப் பிடித்து நிறுத்தும் பலம் குறைவு. டியூன் செய்ததால் அந்தப் பலம் ஒரு துளியும் கூடுவதில்லை. 2023 ஜனவரியில் நானுஓயாவில் பஸ்ஸும் வேனும் முச்சக்கரவண்டியும் மோதி ஏழு பேர் இறந்த வீதி நம் எல்லோருக்கும் தெரியும். ஏறுவதற்குக் குதிரைவலு கூட்டுகிறவர் பிரேக் ஷூவையும் பிரேக் ஒயிலையும் அதே நாளில் மாற்றிவிட வேண்டும்.

பம்ப் வாங்குவதற்கு முன் ஒரு நாள் செலவழியுங்கள். புது பில்டர் போட்டு, இன்ஜெக்டர் பம்பின் வாசலில் வெற்றிடமும் அழுத்தமும் காட்டும் மீற்றர் ஒன்றைப் பூட்டி, நீண்ட குழாயால் அதை ஓட்டுநர் பக்கத்துக் கண்ணாடிக்கு வெளியே தெரியும்படி கட்டுங்கள். டீசல் குழாயை ஆட்கள் இருக்கும் இடத்துக்குள் கொண்டுவர வேண்டாம். வழக்கமான சுமையோடு தலவாக்கலையிலிருந்து நானுஓயாவரை ஏறுங்கள். மீற்றரை நீங்கள் பார்க்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். முழுதாக மிதித்த ஏற்றத்தில் முள் வெற்றிடப் பக்கம் ஆழமாகச் சரிந்தால் ஃபீட் பம்ப் வேண்டும். அசையாமல் நின்றால் வேண்டாம்.